குகையும் கல்லறைச் சுவரும்

1949 ஜனவரியில் இரண்டு பிரெஞ்சுக் கத்தோலிக்கக் குருக்கள் ரமண மகரிஷியைப் பார்க்கத் திருவண்ணாமலைக்கு வந்தார்கள். மூத்தவர் ஜூல் மோன்ஷனின். 1939 முதல் திருச்சி மறைமாவட்டத்தின் கிராமப் பங்குகளில் பணியாற்றிவந்தவர். இளையவர் ஆன்றி லெ சோ. பிரித்தானிக் கடலோரத்தில் 1910-ல் பிறந்து, பெனடிக்ட் சபை மடமொன்றில் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் துறவியாக இருந்துவிட்டு, முந்தைய ஆண்டுதான் தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்தவர். அப்போது அவருக்குக் காய்ச்சல். ரமணரின் முன்னிலையில் எதிர்பார்த்த பரவசம் எதுவும் முதலில் நேரவில்லை என்றும், உடல் கொதித்துக் கிடந்தபோதுதான் அங்கே கேட்ட வேத ஓதலும் அந்த இடத்தின் அமைதியும் தமக்குள் இறங்கின என்றும் பின்னாளில் எழுதினார். அடுத்த ஆண்டு மார்ச் 21-ல், புனித பெனடிக்ட் திருநாளன்று, குளித்தலையை அடுத்த தண்ணீர்ப்பள்ளியில் காவிரிக்கரைத் தோப்பொன்றில் இருவரும் சச்சிதானந்த ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். சாந்திவனம் என்று இன்றும் அறியப்படுவது அதுதான். லெ சோ காவி உடுத்து அபிஷிக்தானந்தர் ஆனார். சில வாரங்களில், ஏப்ரல் 14-ல், ரமணர் மறைந்தார். ஆனாலும் மலை லெ சோவை விடவில்லை. 1952 முதல் சில ஆண்டுகள் அவர் திரும்பத் திரும்ப வந்து அருணாசலத்தின் குகைகளில் தனியாகத் தங்கினார். கிறிஸ்தவ விசுவாசத்துக்குள் நின்றுகொண்டே ஒருவர் தம்மை எப்படிப் புதிதாகத் தொடங்கிக்கொள்வது என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டில் முயன்று பார்க்கப்பட்ட மிகத் துணிச்சலான விடைகளில் ஒன்று அங்கே உருவானது. அந்த விடையில் இருப்பது தமிழ்க் கிறிஸ்தவத்துக்கு இன்றும் அவசரமாகத் தேவைப்படுகிறது. அதில் இல்லாமல் போனதோ, கிறிஸ்தவம் என்ற பெயருக்கே ஆதாரமான ஒன்று. இரண்டையும் சேர்த்துச் சொல்லாமல் அந்த முயற்சியை மதிப்பிட முடியாது.

நம் சபைகளில் புதுத் தொடக்கம் என்பது பெரும்பாலும் எப்படி நடக்கிறது என்பதை முதலில் நினைத்துப் பார்க்க வேண்டும். டிசம்பர் 31 இரவில் சீர்திருத்தச் சபைகளின் ஆலயங்கள் நிரம்பி வாசல்வரை ஜனம் நிற்கும். பழைய வருடத்துக்கு நன்றி, புது வருடத்துக்கு ஒரு வாக்குத்தத்த வசனம், அதை அச்சிட்ட அட்டை வீட்டுச் சுவரில். பெந்தெகொஸ்தே சபைகளில் உபவாச ஜெபங்களும் எழுப்புதல் கூட்டங்களும் நடக்கின்றன. ஒப்புக்கொடுக்கிறவர்கள் கையை உயர்த்தவோ முன்னால் வந்து நிற்கவோ அழைக்கப்படுகிறார்கள். கத்தோலிக்கருக்குத் திருநீற்றுப் புதனில் தொடங்கும் நாற்பது நாள் தவக்காலம், வெள்ளிதோறும் சிலுவைப்பாதை, தியான உரைகள், பாஸ்காவுக்கு முன் ஒப்புரவு அருட்சாதனம். இவற்றைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. படித்தவர் படிக்காதவர் என்ற பேதமில்லாமல், கூலிவேலைக்குப் போகிறவரும் ஆஸ்பத்திரியில் இரவுப்பணி பார்க்கிறவரும் வந்து நிற்கக்கூடிய வாசல்கள் இவை. குடியை விட்டவர்கள், முறிந்த குடும்பத்துக்குத் திரும்பியவர்கள் பலர் இந்த வாசல்கள் வழியாகவே போனார்கள். ஆனால் இவை அனைத்தும் ஒரு தருணத்தின் மேல் பெரும் பாரத்தை ஏற்றுகின்றன. அந்த இரவு, அந்த அழைப்பு, அந்தக் கண்ணீர். அதற்குப் பிறகு வரும் முந்நூற்றுச் சொச்சம் நாட்களை எப்படி வாழ்வது என்பதைப் பற்றி அவை சொல்வது குறைவு. ஒலிபெருக்கி ஓய்ந்த பிறகு ஒருவர் தனியாக உட்கார்ந்து என்ன செய்ய வேண்டும் என்று கற்பிக்கும் ஏற்பாடு பெரும்பாலான சபைகளில் இல்லை. அதனால் போன வருடம் ஒப்புக்கொடுத்தவரே இந்த வருடமும் அதே பாவத்தோடு, அதே வருத்தத்தோடு, அதே இடத்தில் நிற்க நேர்கிறது.

அருணாசலக் குகைகளில் லெ சோ கண்டது இந்த இடைவெளிக்குள் நேராக இறங்குகிறது. ரமணர் 1899 முதல் 1916 வரை விருபாட்ச குகையிலும் பிறகு 1922 வரை ஸ்கந்தாசிரமத்திலும் இருந்தவர். மலை மேலான தனிமை அந்த ஊரில் யாருக்கும் விநோதமில்லை. அந்த மரபுக்குள் நுழைந்த பெனடிக்ட் துறவி அங்கே கற்றது, மனந்திரும்புதலின் கேள்வியையே ஒரு படி உள்ளே தள்ளி வைப்பது. வழக்கமாக நாம், ‘நான் செய்தது தவறு, இனி நான் சரியாகச் செய்வேன்’ என்கிறோம். இதில் செயல்கள் மாறுகின்றன, ‘நான்’ அப்படியே இருக்கிறது. நேற்று பணத்தில் பெருமை கொண்டவர் இன்று ஜெபத்தில் பெருமை கொள்கிறார். சபை அரசியலை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு இந்த நோய் தெரியும். ரமணர் கேட்கச் சொன்ன ‘நான் யார்’ என்ற கேள்வி அந்த மாறாத இடத்தைத்தான் தொடுகிறது. வருந்துகிறவன் யார், மன்னிப்புக் கேட்கிறவன் யார், தன்னைப் பரிசுத்தன் என்று எண்ணத் தொடங்குகிறவன் யார் என்று அது விசாரிக்கிறது. யோவான் நற்செய்தியில் இரவில் வந்த நிக்கொதேமுவிடம் இயேசு பேசுவதும் பழக்கங்களைத் திருத்துவதைப் பற்றி அன்று, மறுபடியும் பிறப்பதைப் பற்றி. தன்னைத்தானே பெற்றெடுக்க யாராலும் முடியாது. லெ சோ அமைதியையும் காத்திருத்தலையும் இவ்வளவு வலியுறுத்தியதன் கிறிஸ்தவ நியாயம் இதுதான். 1956 இறுதியில் கும்பகோணத்தில் ஒரு மாதத்துக்கும் மேலாக ஒரு சொல்லும் பேசாமல் அடைபட்டு இருந்தார். நான்காம் நூற்றாண்டு எகிப்தின் பாலைவனத் துறவிகளை அறிந்தவர்களுக்கு இதில் அந்நியமானது ஒன்றுமில்லை. திருச்சபை தன்னுடைய ஒரு பழைய அறையை மறந்திருந்தது. திருவண்ணாமலை அதன் கதவைத் தட்டிக் காட்டியது.

இன்னொரு பலமும் உண்டு, அது இதைவிட அரிது. நானூறு ஆண்டுகளாக ஐரோப்பியப் பாதிரியார்கள் தமிழ்நாட்டுக்கு வந்தது கற்பிக்க. மதுரைக்கு 1606-ல் வந்த ராபர்ட் தெ நொபிலி காவி உடுத்தார், புலால் விட்டார், சமஸ்கிருதமும் தமிழும் கற்றார். ஆனால் அவர் கற்றது கற்பிப்பதற்காகவே. லெ சோவும் அந்த எண்ணத்தோடுதான் கப்பலேறினார். திருவண்ணாமலை அந்த எண்ணத்தைக் கலைத்துப்போட்டது. 1955 டிசம்பரில் திருக்கோவிலூர்ப் பக்கம் ஞானானந்தகிரி சுவாமிகளைச் சந்தித்தபோது அவரைத் தம் குருவாகவே ஏற்றார். 1960-ல் இந்தியக் குடியுரிமை பெற்றார். பிறந்த நாட்டுக்கு அவர் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. ஒரு குரு, அதுவும் ஆளும் இனத்தின் நிறத்தோடு வந்தவர், வேறொரு சமயத்தின் முதியவருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து கற்றுக்கொள்வது என்பது மனந்திரும்புதல்தான். ஆலய வாசலில் வழக்கமாக நிகழாத மனந்திரும்புதல். தன் அதிகாரத்தைக் கீழே வைக்காத ஒருவருக்குப் புதுவாழ்வு கிடையாது என்பதை அவர் வாழ்ந்து காட்டினார். பட்டமும் பதவியும் பெருகி, ஆயர் தேர்தலும் சபை வழக்குகளும் நீதிமன்றப் படியேறும் இந்தக் காலத்தில் அந்த உதாரணத்தின் எடை கூடித்தான் இருக்கிறது.

இவர் கிறிஸ்துவை விட்டுவிட்டு அத்வைதத்துக்குப் போய்விட்டாரே என்பது திருச்சபைக்குள்ளிருந்து எழும் முதல் ஆட்சேபம். இதை அறியாமையின் குரல் என்று ஒதுக்கக்கூடாது. கூடவே வாழ்ந்த மோன்ஷனினுக்கே இந்தச் சந்தேகம் இருந்தது. கிறிஸ்தவத்தின் திரித்துவத்தையும் சங்கரரின் அத்வைதத்தையும் ஒரே நூலில் கோக்க முடியும் என்ற நம்பிக்கை அவருக்குக் கடைசி ஆண்டுகளில் தேய்ந்துபோனது. 1957 அக்டோபரில் அவர் பாரிஸில் இறந்தபோது இருவரும் சிந்தனையில் வெகுதூரம் விலகியிருந்தார்கள். 1989-ல் வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் கிறிஸ்தவ தியானம் பற்றி வெளியிட்ட கடிதமும், ஜெபம் என்பது கடவுளுக்கும் மனிதருக்கும் இடையிலான உறவு, தனக்குள் கரைவது அன்று என்று எச்சரித்தது. எச்சரிக்கையின் சாரம் சரியானது, அதற்குப் பின்னால் வருகிறேன். ஆனால் லெ சோ ஓடிப்போனவர் என்ற தீர்ப்பு சான்றுகளுக்கு எதிரானது. அவர் இறந்த பிறகு வெளியான நாட்குறிப்பு ஒரு மனிதர் இரண்டு உண்மைகளுக்கு இடையில் ஆண்டுக்கணக்கில் கிழிபட்டதைக் காட்டுகிறது. விட்டுவிட்டவருக்கு அந்த வேதனை வராது. இமயமலைப் பக்கம் போன பிறகும் அவர் குருத்துவத்தைத் துறக்கவில்லை, திருப்பலியைக் கைவிடவில்லை. 1964-ல் இறையியலாளர் ரைமுண்டோ பணிக்கரோடு கங்கோத்ரிக்கு நடந்தபோதும் அங்கே திருப்பலி ஒப்புக்கொடுத்தார்கள். விடை கிடைக்காத கேள்வியோடு விசுவாசத்துக்குள் தங்கியிருப்பதும் விசுவாசத்தின் ஒரு வடிவம். எல்லாம் தீர்ந்துவிட்டது என்று முழங்கும் சாட்சிகளைவிட அது நேர்மையானது என்றே நினைக்கிறேன்.

எதிர்த் திசையிலிருந்தும் ஒரு குற்றச்சாட்டு உண்டு. காவியும் ஓங்காரமும் ஆரத்தியும் மதமாற்றத்துக்கான வேடம் என்று சீதாராம் கோயல் 1988-ல் கத்தோலிக்க ஆசிரமங்களைப் பற்றி எழுதிய நூலில் கடுமையாகச் சாடினார். லெ சோ என்ற தனி மனிதரைப் பொறுத்தவரை இது பொருந்தாது. குகையில் மாறியவர் அவர், அவரால் மாற்றப்பட்டவர் யாருமில்லை. ஆனால் அமைப்பைப் பொறுத்தவரை குற்றச்சாட்டில் ஓர் உண்மை இருக்கிறது. மோன்ஷனினும் லெ சோவும் 1951-ல் ஓர் இந்திய பெனடிக்ட் ஆசிரமம் பற்றி எழுதிய சிறு நூலில், இந்தியத் துறவு மரபு கிறிஸ்துவில் நிறைவு பெறக் காத்திருக்கிறது என்ற எண்ணமே அடியோட்டம். அடுத்தவர் வீட்டுப் பொருளை அவருடைய அனுமதி கேளாமல் ‘இது எங்களிடம்தான் முழுமையடையும்’ என்று எடுத்துக்கொள்வது மரியாதை ஆகாது. லெ சோ இந்த எண்ணத்தைத் தாண்டிப் போனார். அவர் தொடங்கிவைத்த வழக்கத்தைப் பின்பற்றும் எல்லாரும் தாண்டினார்கள் என்று சொல்ல முடியாது. வெளி அடையாளங்களை எடுத்துக்கொள்வது எளிது, அவற்றுக்கு அவர் கொடுத்த விலையைக் கொடுப்பது கடினம்.

இனி என்னுடைய அடிப்படையான ஆட்சேபத்துக்கு வருகிறேன். வத்திக்கான் கடிதம் கடவுளுக்கும் மனிதருக்கும் இடையிலான உறவைப் பற்றிக் கவலைப்பட்டது. எனக்கு அதைவிட அருகிலிருக்கும் உறவைப் பற்றியே கவலை. நற்செய்திகளில் புதுவாழ்வு தொடங்கும் இடங்களில் அநியாயம் செய்யப்பட்ட இன்னொருவர் பலமுறை கண்ணுக்குத் தெரிகிறார். ஆயக்காரன் சகேயு மரத்திலிருந்து இறங்கி இயேசுவை வீட்டுக்குள் ஏற்றதும் சொல்வது தன் உள்ளொளியைப் பற்றி அன்று. சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், ஏமாற்றிப் பிடுங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் கணக்குச் சொல்கிறான். மலைப்பிரசங்கத்தில், பீடத்தின்மேல் காணிக்கை வைக்க வந்தவன் சகோதரனுக்குத் தன்மேல் குறை உண்டென்று நினைவுகூர்ந்தால், காணிக்கையை அங்கேயே விட்டுவிட்டு முதலில் போய் ஒப்புரவாக வேண்டும் என்கிறார் இயேசு. ஜெபத்தையே இடைநிறுத்தச் சொல்லும் கட்டளை இது. அத்வைத அனுபவத்திலோ, புதிதாக அடைய வேண்டியது ஒன்றுமில்லை. எப்போதும் உள்ளதை உணர்வதே விழிப்பு. அந்த மரபுக்குள் அது ஆழமான உண்மையாக இருக்கலாம். ஆனால் உயிர்த்தெழுதலையும் இரட்சிப்பையும் இந்த விழிப்பின் மொழியில் மட்டும் சொல்லத் தொடங்கினால், ஏமாற்றப்பட்டவர் காட்சியிலிருந்து மறைந்துவிடுகிறார். 1973 ஜூலையில் ரிஷிகேசத்தில் மாரடைப்பால் தெருவோரம் விழுந்த லெ சோ, அந்த நேரத்தில் உணர்ந்ததைச் சாவுக்கும் வாழ்வுக்கும் அப்பாற்பட்ட விழிப்பு என்று நண்பர்களுக்கு எழுதினார். அதே ஆண்டு டிசம்பர் 7-ல் இந்தோரில் இறந்தார். அந்த அனுபவத்தைச் சந்தேகிக்க யாருக்கும் உரிமையில்லை. அதைக் கிறிஸ்தவப் புதுவாழ்வின் முழு வடிவம் என்று ஏற்க முடியாது என்பதே என் நிலை.

இது ஏட்டளவிலான வேறுபாடு இல்லை. தமிழகக் கத்தோலிக்கரில் பாதிக்கு மேற்பட்டோர் தலித்துகள். அவர்களுடைய முன்னோர் ஞானஸ்நானம் பெற்றபோது தேடிய புதுத் தொடக்கம் மிகத் தெளிவானது: தெருவில் நடக்கவும், பள்ளிக்கூடத்தில் உட்காரவும், மனிதராக அழைக்கப்படவும் ஒரு வழி. திருவண்ணாமலைப் பகுதியின் லுத்தரன் சபைக்குப் பின்னால் இருக்கும் வரலாறே இதற்குச் சாட்சி. லைப்சிக் மிஷன் சபைக்குள் சாதி வழக்கங்களைப் பொறுத்துக்கொண்டதை ஏற்காமல் விலகிய கார்ல் ஓக்ஸ், 1860களில் டேனிஷ் மிஷனோடு இணைந்து மேல்பட்டாம்பாக்கத்தில் தொடங்கிய பணிதான் வளர்ந்து ஆற்காடு லுத்தரன் திருச்சபையானது. திருவண்ணாமலையில் இன்றும் டேனிஷ் மிஷன் மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. சாதியை மறுத்தே அந்தத் தொடக்கம் நிகழ்ந்தது. பிற்பாடு அந்த மறுப்பு எவ்வளவு மங்கியது என்பது வேறு துயரம். சாந்திவனம் அமைந்த திருச்சி மறைமாவட்டத்தில், மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில், தலித்துகளின் கல்லறைகளைப் பிரித்து ஒரு சுவர் நின்றது. அதை அகற்றக் கோரிப் போராட்டங்கள் நடந்திருக்கின்றன. உளுந்தூர்பேட்டைப் பக்கத்து இறையூரில் 2008 மார்ச்சில், தவக்காலத்தின் நடுவில், தனிப் பங்கு கேட்ட தலித் கிறிஸ்தவர்களுக்கும் ஆதிக்க சாதிக் கிறிஸ்தவர்களுக்கும் இடையிலான பகை வன்முறையாகி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர் போனது. நெற்றியில் சாம்பல் பூசி மனமாற்றத்துக்கு அழைக்கப்பட்ட ஜனம் அது. அங்கே தேவைப்பட்ட புதுத் தொடக்கத்தை எந்தக் குகையும் தந்திருக்க முடியாது. 1980களின் தொடக்கத்தில் பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரியில் அரவிந்த் நிர்மல், இந்தியக் கிறிஸ்தவ இறையியல் என்று கொண்டாடப்படுவது பெரும்பாலும் உயர்சாதியாரின் வேதாந்த மொழியில் பேசுகிறது, தலித்துகளின் துன்பம் அதில் இல்லை என்று சொன்னது லெ சோவின் வழிக்கும் பொருந்தும். துறப்பதற்கு நிலமும் பெயரும் பட்டமும் உள்ளவருக்குத் துறவு விடுதலை. அவை எதுவும் மறுக்கப்பட்டவரிடம் ‘எல்லாவற்றையும் விடு’ என்று சொல்வதில் நற்செய்தி இல்லை.

இதற்கு ஒரு மறுமொழி உண்டு, அது வலுவானதும்கூட. தனிமைத் துறவியிடம் சமூகச் சீர்திருத்தத்தை எதிர்பார்ப்பது நியாயமா? மார்த்தாள் செய்யும் வேலையை மரியாளும் செய்ய வேண்டுமா? திருச்சபையில் பள்ளி நடத்துகிறவர்கள் ஆயிரம் பேர் இருக்க, மௌனமாக இருக்க ஒருவரையாவது விடக்கூடாதா? லெ சோ தம்மைத் தனித் துறவியாக மட்டும் வைத்திருந்தால் இந்த வாதத்தை முழுவதும் ஏற்பேன். ஆனால் அவர் தம் அனுபவத்தை முழுத் திருச்சபைக்கும் மருந்தாக முன்வைத்தார். 1969-ல் பெங்களூரில் நடந்த அகில இந்தியக் கத்தோலிக்கக் கருத்தரங்கை ஒட்டி, இந்தியத் திருச்சபையின் புதுப்பித்தல் பற்றி ஒரு நூலே எழுதினார். ஜெபத்திலும் உள்ளார்ந்த அனுபவத்திலும் வேரூன்றாத எந்தச் சீர்திருத்தமும் நிற்காது என்பது அதன் மையம். அதை நானும் நம்புகிறேன். ஆனால் அந்த வேரிலிருந்து எழ வேண்டிய மரம் எது, அது எந்தச் சேரியில் நிழல் தரும் என்ற கேள்வி அவர் சிந்தனையின் நடுவுக்கு வரவேயில்லை. திட்டம் என்று முன்வைக்கப்பட்டதைத் திட்டமாகவே அளக்க வேண்டும். அந்த அளவுகோலில் இன்னொரு குறையும் தெரிகிறது. நிறுவியவர்கள் இருவரின் காலத்தில் சாந்திவனத்தில் நிலைத்துத் தங்கிய இந்தியத் துறவிகள் யாரும் இல்லை. இந்தியத் திருச்சபைக்கான மாதிரி என்று தொடங்கிய ஆசிரமம் இந்தியர்களை ஈர்க்கவில்லை. லெ சோவே கங்கைக்கரையின் உத்தரகாசிப் பக்கம் இழுக்கப்பட்டு, 1968-ல் காவிரிக்கரையை முழுவதும் விட்டுப்போனார்.

அவர் விட்டுப்போனது தமிழ்நாட்டையும்தான். திருவண்ணாமலையின் தலையில் நின்றுகொண்டே அவர் தேடியது பெரும்பாலும் சமஸ்கிருத உபநிடதங்களின் இந்தியாவை. தமிழ் கற்றார், தமிழ்ப் பாடல்களை நேசித்தார், அதை மறுக்கவில்லை. சிந்தனையின் அச்சு வேறிடத்தில் இருந்தது. புதுத் தொடக்கத்தைப் பற்றி அந்த ஊரே வைத்திருக்கும் இரண்டு நினைவுகளை அவர் இன்னும் ஆழமாகக் கேட்டிருக்கலாம். ஒன்று அருணகிரிநாதர். உடலையும் பொருளையும் அழித்துக்கொண்டு, தமக்கையின் சொல் தைத்து, வல்லாள மகாராஜா கோபுரத்திலிருந்து குதித்தவரை முருகன் தாங்கிக்கொண்டான் என்று ஊர் சொல்கிறது. அந்தக் கதையில் பாவி இருக்கிறான், அவனால் காயப்பட்டவள் இருக்கிறாள், விழுகிறவனைப் பிடிக்கும் கை இருக்கிறது, பிடித்தபின் அவன் வாயில் பாட்டு இருக்கிறது. அந்தப் பாட்டை ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக எல்லாரும் பாடுகிறார்கள். இன்னொன்று, மாணிக்கவாசகர் இங்கே பாடியதாக மரபு சொல்லும் திருவெம்பாவை. அதிலும் பொருள் விழிப்புதான். ஆனால் அங்கே யாரும் தனியாக விழிப்பதில்லை. முன்னால் எழுந்த பெண்கள் தூங்குகிறவள் வீட்டு வாசலில் நின்று அவளையும் எழுப்பி, கூட்டிக்கொண்டு போகிறார்கள். கிறிஸ்தவத்துக்கு அத்வைதத்தைவிட இந்தப் பக்தி மரபே அருகிலிருக்கிறது என்று இறையியலாளர் ஏ. ஜே. அப்பாசாமி 1920களிலேயே வாதிட்டிருந்தார். அதற்கு முன் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரும், இரட்சணிய யாத்திரிகம் எழுதிய எச். ஏ. கிருஷ்ணப்பிள்ளையும் மனந்திரும்பிய நெஞ்சைத் தமிழ்ப் பக்தியின் மொழியிலேயே பாடிவிட்டுப் போயிருந்தார்கள். உறவையும் கண்ணீரையும் ஊர்கூடிப் பாடுவதையும் விட்டுவிடாத அந்த மரபில் லெ சோ வேர்விட்டிருந்தால், பிறர் மறைந்துபோகும் ஆபத்து குறைந்திருக்கும்.

உள்ளே இறங்குவதும் பிறரிடம் திரும்புவதும் ஒரே வாழ்வில் சேர முடியாதவை என்று யாராவது சொன்னால், திருவண்ணாமலைக்கு வடமேற்கே திருப்பத்தூரைக் காட்டலாம். சாந்திவனத்துக்கு ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1921-ல், சவரிராயன் ஏசுதாசன் என்ற தமிழ் மருத்துவரும் எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவரும் அங்கே கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். மணம் செய்யாமல், கதர் உடுத்து, ஒரே பந்தியில் உண்டு, மூத்தவர் பெரியண்ணன், இளையவர் சின்னண்ணன் என்று அழைக்கப்பட்டு வாழ்ந்தார்கள். வெள்ளைக்காரர் இளையவராக இருந்தது அந்தக் காலத்தில் சிறிய செய்தி இல்லை. கோவில் கட்டடக்கலையில் எழுந்த ஜெபாலயத்தில் தியானமும் ஆராதனையும் நடந்தன, பக்கத்திலேயே ஏழைகளுக்கு மருத்துவமனை. 1932-ல் அந்நியத் துணி மறியலின்போது பேட்டன் சென்னைத் தெருவில் போலீஸ் அடியும் வாங்கினார். இந்த ஆசிரமத்தின் ஆன்மிகம் லெ சோவின் குகையளவு ஆழம் தொட்டதா என்றால் இல்லை என்றே சொல்வேன். அதன் எழுத்துக்களில் அந்தத் தீவிரமும் தேடலின் ஆபத்தும் கிடையாது. நிறுவியவர்களுக்குப் பிறகு அதுவும் பெருகவில்லை. ஆனால் நற்செய்தி கேட்கும் இரண்டு அசைவுகளும் அங்கே ஒரே கூரையின் கீழ் இருந்தன. ஜெபம் முடித்து எழுந்தவருக்குப் போக வேண்டிய இடம் எது என்று தெரிந்திருந்தது. சாந்திவனத்திலும், 1968-ல் கேரளத்தின் குரிசுமலையிலிருந்து வந்து பொறுப்பேற்ற பெனடிக்ட் துறவி பீட் கிரிஃபித்ஸ் காலத்தில் இந்தத் திருப்பம் ஓரளவு நடந்தது. சுற்றியிருந்த கிராமத்து ஏழைகளின் படிப்பையும் வீட்டையும் முதியோரையும் ஆசிரமம் கவனிக்கத் தொடங்கியது. ஆனாலும் அது முதன்மையாக மேற்கிலிருந்து வரும் தேடல்காரர்களின் இடமாகவே பெயர் பெற்றது.

ஆகவே அபிஷிக்தானந்தரை ஞானியென்று மாலைபோட்டு ஒதுக்குவதும் தவறு, வழிதவறியவர் என்று பெயரைத் துடைப்பதும் தவறு. அவரிடமிருந்து எடுக்க வேண்டியது மௌனத்தின் ஒழுக்கம். அதை ஆசிரமத்துக்குள் பூட்டி வைக்காமல் பங்குகளுக்குக் கொண்டுவர வேண்டும். தவக்காலத் தியானம் என்றால் மூன்று நாள் ஒலிபெருக்கி உரை என்ற வழக்கத்தை மாற்றி, ஜனங்களுக்கு உண்மையாகவே ஒரு மணிநேரம் வாய்மூடி உட்காரக் கற்றுக்கொடுக்கலாம். ஆண்டிறுதி ஆராதனையில் வாக்குத்தத்த அட்டைக்கு முன்னால் அரைமணி அமைதி வைக்கலாம். இதற்குக் காவியோ ஓங்காரமோ வேண்டியதில்லை. அவர் விட்ட இடத்தில் நாம் சேர்க்க வேண்டியது சகேயுவின் கணக்கு. அந்த அமைதியிலிருந்து எழுகிற ஒவ்வொருவரும் யாருக்கு என்ன திருப்பித் தர வேண்டும் என்பதைப் பெயர் சொல்லி, தொகை சொல்லித் தீர்க்க வேண்டும். தனி மனிதருக்குச் சொல்வது சபைக்கும் பொருந்தும். ஒரு பங்கு தன் தவக்காலத்தை உண்மையானது என்று சொல்லிக்கொள்ள வேண்டுமானால், தலித் தெருவுக்குள் போகாத தேர், அவர்களுக்கு இடமில்லாத பங்குப்பேரவை, தனியாகப் பிரித்த கல்லறை ஆகியவற்றுக்கு அந்த நாற்பது நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். ஆயர்களையும் பங்குப்பேரவைகளையும் கேட்டுக்கொள்கிறேன்: வருகிற திருநீற்றுப் புதனுக்கு முன் உங்கள் கல்லறைத் தோட்டங்களைப் போய்ப் பாருங்கள். எங்கே பிரிவு இருக்கிறதோ அதை அகற்றுவதைத் தவக்காலத்தின் முதல் வேலையாக வையுங்கள். தியானத்தை அதன் பிறகு தொடங்கலாம்.